கைப்பேசிக் கடைவீதியில் பொய்யாமை

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுள் பல, வழிவழியாக உழவை நம்பியவை. விளைவிக்கத் தெரிந்த நாம் விற்கக் கற்கவில்லை. நம் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் விலை சொல்பவர் வேறொருவராகவே இருந்துவந்தார். சென்ற மாதம் எங்கள் ஊரில் சிறுவணிகர்கள் கூடிய கூட்டத்தில், சமூக ஊடக வணிகம் குறித்த பயிற்சியைக் கேட்டேன். இந்நிலை மாறக்கூடும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

அங்குக் கற்பித்தவை எளியவை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருளின் படத்தையும் விலையையும் கட்டணமின்றிப் பட்டியலிடலாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்து வைத்தால், தேடுவோர் கண்ணில் படும். நாற்று நடுவது முதல் அரிசியாவது வரை சிறு காணொளிகளாக இன்ஸ்டாகிராமில் வெளியிட்டால், வாங்குபவர் விளைந்த நிலத்தையே கண்டுவிடுகிறார். இடைத்தரகர் இன்றி உழவரும் உண்பவரும் பேசிக்கொள்ள இது நல்வழி.

ஆனால் வேறு சில உத்திகளும் அங்கே பேசப்பட்டன. உறவினரைக் கொண்டு பாராட்டுரை எழுதுவிக்கலாம். பின்தொடர்வோரை விலைக்கு வாங்கலாம். ‘எல்லாரும் செய்வதுதானே’ என்றார் ஒருவர். இங்கேதான் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பொய்யாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது பொய்யாக எழுதுதல். வாங்காத ஒருவர் வாங்கி மகிழ்ந்ததாக எழுதும் பாராட்டுரை வேறென்ன? மித்யோபதேசம் என்பது தவறானதைப் போதித்தல். ‘இவ்வரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்னும் விளம்பரம் அதில் அடங்கும். ரகோப்யாக்கியானம் என்பது பிறர் மறைவாக வைத்ததை வெளிப்படுத்தல். வாடிக்கையாளர் தனிப்பட எழுதிய செய்தியை, அவர் இசைவின்றிப் படமாக்கி ஊரறியச் செய்வதும் அவ்வகையே. கள்ளாமைக்குரிய அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரமும் ஒன்று. ஆலை எண்ணெயைச் செக்கெண்ணெய் என்று விற்பது அதுவே. கருவி புதிது, குற்றம் பழையது.

நாட்டின் சட்டமும் இதனைக் கண்டிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை உயரும். இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துரைகள் உண்மையாக இருப்பதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநெறியையே வெளியிட்டது.

சட்டத்திற்கு அஞ்சி மட்டும் நாம் இதனைத் தவிர்க்க வேண்டியதில்லை. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். நம் முன்னோர் சேர்த்துவைத்த பெருமுதல் நற்பெயரே. ஒருவர் சொல்லும் பொய், மற்ற அனைவரின் சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

எனவே இளைஞர்களே, இக்கலையைத் தயங்காது கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரின் விளைபொருளை உலகறியச் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவையும் வெளியிடுமுன் அதனை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் பார்த்துச் சொல்லக் கூசாத சொல் எதுவோ, அதுவே உலகிற்கும் உரியது. பெரியோர்களும் கைப்பேசியை வீண்பொழுது என்று ஒதுக்காமல், பிள்ளைகளின் அருகமர்ந்து கேளுங்கள்.

அறவழியில் பொருள் சேர்ப்போம்.