வல்லூறு பார்க்கப் போன கதை



பறவை பார்க்கப் போனோமென்றால் வேலையற்றவன் பேச்சென்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். பார்த்ததைச் சொல்லாமல் நாம் உட்காரப் போவதில்லை.

நாகாலாந்தில் வோக்கா ஜில்லாவைச் சேர்ந்த பாங்டி கிராமத்துக்கு ஐப்பசி மாதத்தில் போயிருந்தோம். பக்கத்திலேயே டோயாங் அணையின் ஏரி. பொழுது விடியும்போது கரைமரங்களிலிருந்து வல்லூறுகள் எழும்பின. நூறுவரை எண்ணிவிட்டு, எண்ணுவதையே விட்டுவிட்டோம். வெயில் ஏறியதும் இறக்கையை அடிக்காமலே வட்டமிட்டு மேலே போயின. இதில் மாயமொன்றுமில்லை, சூடேறிய காற்று மேலே எழும்புகிறது, அவை அதில் ஏறிக்கொள்ளுகின்றன. பகலெல்லாம் ஈசல் வேட்டை. நடுவே ஒரு கரிச்சான் குருவி, தன்னைவிடப் பெரிய வல்லூறைத் துரத்தி அடித்ததையும் பார்த்தோம்.

இவை அமூர் வல்லூறுகள். கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்பாகத்துக்குப் போகிறவை. நடுவில் அரபிக்கடல், உட்கார ஒரு கிளை கிடையாது. இரவும் பகலும் ஓயாமல் பறந்தே கடக்கவேண்டும். எடையோ சுமார் 150 கிராம். ஆகவேதான் இங்கே தங்கி, ஈசலைத் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. 2013ல் மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவி கட்டி, செயற்கைக்கோள் மூலம் அவை போன வழியைக் கண்டார்கள்.

நம் ஊரிலோ கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். அது எங்கே கூடு கட்டுகிறது, என்ன தின்கிறது என்று கேட்டால் பதிலில்லை. கும்பிடக் கை தூக்கியவன் கண்ணை மூடிக்கொண்டான்!

பாங்டியில் கும்பிடவில்லை, பிடித்தார்கள். 2012ல் மரங்களுக்கிடையே மீன்வலை கட்டி, அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1,20,000க்குக் குறையாமல் பிடித்திருப்பார்களென்று மதிப்பிட்டார்கள். உடனே "மகாபாவம்" என்றொரு கூச்சல். மாமிசம் தின்பது பாவமென்று சொல்ல நாம் வரவில்லை. அந்த ஜனங்களின் வயல்களில் ஒரு பகுதி அணைத் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. நிலம் போனவன் மீன் பிடித்தான், பறவையும் பிடித்தான். வயல் முழுகினபோது திறவாத வாய்க்கு, வல்லூறு செத்தபோது மட்டும் ஜீவகாருண்யம் எங்கிருந்து வந்ததோ!

நிற்க. அடுத்த வருஷமே வலை நின்றது. பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஊராருக்கு எடுத்துச் சொன்னார்கள். கிராமசபை தடை போட்டது. பாதிரிமாரும் சேர்ந்து பேசினார்கள். நல்ல காரியத்தை யார் செய்தாலும் ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

சாயங்காலம், முன்பு வலை கட்டிய பெரியவர் ஒருவரிடம் துபாஷி வைத்துக்கொண்டு பேசினோம். "நஷ்டந்தானே ஐயா?" என்றோம். "நஷ்டந்தான். பார்க்க வருகிறவர்கள் கொடுப்பது போதாது" என்றார். பிறகு, மின்சாரக் கம்பியைக் காட்டி, சாம்பல் நிறமாயிருப்பது ஆண், வயிற்றில் புள்ளியுள்ளது பெண் என்று சொல்லிக்கொடுத்தார். இருட்டும்வரை அவரைக் கேட்டுக்கொண்டே நின்றோம்.