குழந்தையின் நலனே அளவுகோல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கணவனும் மனைவியும் பிரியும்போது பண்டபாத்திரங்களைப் பங்கிடலாம். குழந்தையைப் பங்கிட இயலாது. பெற்றோருள் ஒருவர் குடிக்கோ கஞ்சாவுக்கோ அடிமையாகியிருப்பின், குழந்தை யாரிடம் வளர்வது? இவ்வினாவையே நாம் இன்று ஆராய்கிறோம். இது பிறர் வீட்டுக் கதையன்று. இத்தகைய வழக்கின் நடுவே நின்று, பாதி நாள் பள்ளிக்கு வாராத பிள்ளைகளை நாம் வகுப்பறையில் காண்கிறோம்.

சட்டம் கூறுவது யாது? எல்லா மதத்தினருக்கும் உரிய 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம், குழந்தையின் வயதையும், பாதுகாவலராக விரும்புவோரின் குணத்தையும் தகுதியையும் நோக்குமாறு பணிக்கிறது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை ஒரு காரணமாகக் காட்டி 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார் அண்ணல் அம்பேத்கர். அம்முயற்சியின் வழியே பின்னர்ப் பிறந்த சட்டங்களுள் ஒன்று, 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் பாதுகாவலர் சட்டம். குழந்தையின் நலனே தலையாயது என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு.

"அவன் குடிகாரன்" என்று வாயால் கூறுவது மட்டும் சான்றாகாது. மணவழக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு வலுவான முகாந்திரம் வேண்டும். ஆணைக்குப் பின்னும் மறுப்பவருக்கு எதிராக நீதிமன்றம் அனுமானம் கொள்ளலாம்.

பரிசோதனையின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். சிறுநீர்ச் சோதனை பெரும்பாலான போதைப்பொருள்களைச் சில நாள்கள் வரையே காட்டும். நாள்தோறும் கஞ்சா புகைப்பவரிடம் சில வாரங்கள் வரையும் காட்டக்கூடும். தலைமுடி மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாத வரலாற்றைக் கூறும். முதற்கட்டச் சோதனை பிழைபடுவதும் உண்டு. கசகசா சேர்ந்த உணவை உண்டவரின் சிறுநீரும் அபினி வகையைக் காட்டலாம். ஆதலின், உறுதிப்படுத்தும் இரண்டாம் ஆய்வைக் கோருவதே முறை.

சேரியில் பிறந்தவர் என்றாலே குடிப்பவர் என்று முடிவு கட்டும் மனப்பான்மை இன்னும் அழியவில்லை. அந்தப் பழிச்சொல்லை முறியடிக்கவும் பரிசோதனை துணை செய்யும். அதே வேளையில், நம்மவர் என்பதற்காகக் குடித்துக் குழந்தையை வாட்டுபவரை நாம் மறைத்துக் காப்பதும் அறமாகாது. உடலில் என்ன இருந்தது என்பதைச் சோதனை சொல்லும். குழந்தைக்குச் சோறூட்டியவர் யார் என்பதைச் சொல்லாது. அதனைப் பள்ளி வருகைப் பதிவேடும், தடுப்பூசி அட்டையும், அண்டை வீட்டாரின் சாட்சியமுமே சொல்லும். இவற்றைப் பேணி வையுங்கள்.

வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையோர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

போதையில் வீழ்ந்தோருக்கும் ஒன்று கூறுவோம். குழந்தையை ஒப்படைக்கும் ஆணை என்றென்றும் மாறாததன்று. நிலைமை மாறினால் நீதிமன்றம் அதனை மாற்றியமைக்கலாம். மருத்துவம் பெற்றுத் திருந்தியவர் மீண்டும் விண்ணப்பிக்க வழியுண்டு. இளைஞர்களே, அத்தகையோரை ஏளனம் செய்யாது, மருத்துவமனை வரை கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். தாயையும் தந்தையையும் வேவு பார்க்கும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் தராதீர்கள். பிள்ளையின் கையில் இருக்க வேண்டியது புத்தகமே.