ஊருணி நீரும் ஓர் ஆய்வுத்தாளும்

(பாளையம்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழ்மொழி பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் தண்ணீர் பற்றிப் பேச வந்துள்ளேன். பொறுத்தருள்க.

நம் கரிசற்காட்டுப் பாட்டியர் நீரை நாவால் ஆய்ந்தவர்கள். நன்னீர், சவர்நீர், உவர்நீர் எனப் பிரித்தார்கள். பருப்பு வேகாத நீரையும், வழலை நுரைக்காத நீரையும் விலக்கினார்கள். அந்நீரில் கரைந்துள்ள சுண்ணமும் வெளிமமும் வழலையோடு கூடித் திரண்டு படிவதால் நுரை எழுவதில்லை. இக்கடுமையை வேதியியலார் அளந்து சொல்கின்றனர்: இலிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிடத்து 600 வரை பொறுக்கலாம். இஃது இந்தியத் தர நிறுவனம் 2012இல் வகுத்த குடிநீர் வரையறை.

ஆனால், நாவுக்கு எட்டாத நஞ்சும் உண்டு. அது புளோரைடு. (நிறைவான தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் கிட்டவில்லை, விருந்தினனாக இருந்துவிட்டுப் போகட்டும்.) திருச்சுழிக் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது, ஆகவே ஆழ்துளைக் கிணறுகளை நம்பினோம். பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடு கரைந்து சேர்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அதே வரையறைப்படி இலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கலாம்; 1.5ஐக் கடந்தால் ஆகாது. கடந்த நீரைப் பருகி வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். மிகுதியாகப் பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் போகும் என்பர் சிலர். போகாது! நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சியதில் செறிவு கூடும்.

மழைநீர் தேங்கும் ஊருணியில் இத்தொல்லை குறைவு. அங்கே நோய்நுண்ணுயிரியே பகை. அதற்குக் காய்ச்சுதல் உதவும். கரைந்துள்ள உயிர்வளியையும் அளக்கவேண்டும். சாணமும் சாக்கடையும் கலந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் உயிர்வளியைத் தின்றுவிடும். மீன் வாழ இலிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் வேண்டும் என்பது நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

அண்மையில் முதியவர் ஒருவர் தம் ஊர்க் குழாய்க்கிணற்றின் ஆய்வுத்தாளைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கம், ஓரெழுத்தும் தமிழில்லை. "ஐயா, நல்ல தண்ணிதானே?" என்றார். புளோரைடு 1.5ஐத் தாண்டியிருந்தது. ஓராண்டாக அத்தாள் அவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. ஓராண்டும் அவர் பெயர்த்தி அந்நீரையே பருகியிருக்கிறாள்.

2019இல் நடுவணரசு தொடங்கிய குழாய்நீர்த் திட்டத்தில் (அதன் இந்திப் பெயரை என் வாயால் சொல்லேன்) ஊருக்கு ஐந்து பெண்டிர்க்கு நீராய்வுப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. தாய்மார்களே, அதைக் கேட்டுப் பெறுங்கள். கண்ட அளவுகளை ஊர்ச்சாவடிச் சுவரில் தமிழில் எழுதுங்கள். வண்ணம் வாங்கித் தர நானிருக்கிறேன்.