இரண்டு பேட்டரி இருந்தும் வாகனம் முடங்குவது ஏன்?



நம்மவர்களில் வாகனத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். இரவுச் சந்தைக்கு வேனில் செல்லும் சிறு வியாபாரிகளும், தோட்டப்புறச் சாலைகளில் பிக்கப் ஓட்டும் குத்தகையாளர்களும், குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் என்று இரண்டாவது பேட்டரி பொருத்திக் கொள்கிறார்கள். அதில் கோளாறு வந்தால் அன்றைய வருமானமே போய்விடும். பதற்றத்தில் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். பிறகு ஆல்டர்னேட்டரை மாற்றுகிறார்கள். பணம் கரைந்த பிறகும் கோளாறு அப்படியே நிற்கிறது. மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள் என்பதே இன்று நான் வலியுறுத்தும் கருத்து.

இதற்கு ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வழக்கமான ஈய அமில பேட்டரி முழுமையாக நிரம்பியிருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அப்படியானால் வெளியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். மறுநாளே மீண்டும் இறங்கிவிட்டால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

அடுத்து, இஞ்சினை இயக்கி முதல் பேட்டரியை அளங்கள். பெரும்பாலான வாகனங்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லையா? உடனே ஆல்டர்னேட்டர் மீது பழி போடாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கலாம். 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்க வாய்ப்புண்டு.

இப்போது இரண்டாவது பேட்டரிக்கு வாருங்கள். முதலாவதில் 14.2, இரண்டாவதில் 12.3 என்றால் ஆல்டர்னேட்டர் குற்றவாளி அல்ல. இடையில் இருக்கும் பியூஸ், ரிலே, கம்பி ஆகியவற்றில்தான் கோளாறு. இரண்டு பேட்டரிகளின் நேர்முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு எதிர்முனைகளுக்கு இடையே வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் மின்சாரம் தடைபடுகிறது. மழையும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில், துருப்பிடித்த எர்த் இணைப்பே பல சமயம் காரணமாகிவிடுகிறது.

மின்னழுத்தம் அறிந்து செயல்படும் ரிலே சுமார் 13.3 வோல்ட்டில் இரு பேட்டரிகளையும் இணைக்கும், சுமார் 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். அதன் உட்பகுதி ஒட்டிக்கொண்டால் பிரியாது. இரவெல்லாம் குளிர்பெட்டி இரண்டு பேட்டரிகளையும் உறிஞ்சிவிடும். காலையில் இஞ்சின் எழாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்துக் குளிர்பெட்டியை ஓடவிடுங்கள். இரண்டாவது பேட்டரியோடு முதலாவதும் சேர்ந்து இறங்கினால் ரிலேயை மாற்ற வேண்டியதுதான்.

புதிய வாகனங்கள் சிலவற்றில், எரிபொருளைச் சேமிக்கக் கணினியே ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அங்கே எந்தப் பாகமும் கெட்டிருக்காது. ஆனாலும் ரிலே இணையாது. டிசி-டிசி சார்ஜர் பொருத்துவதே அதற்குத் தீர்வு.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். இரு பேட்டரிகளை இணைக்கும் கம்பியின் இரு முனைகளிலும் பியூஸ் இருக்கட்டும். இரு பக்கமும் மின்சாரம் உண்டு என்பதால் ஒரு பக்கப் பியூஸ் தீயைத் தடுக்காது.

அளந்த எண்களைத் தாளில் குறித்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவருக்கு வேலை சுலபமாகும். உங்களுக்கும் வீண்செலவு மிச்சமாகும்.