நிழற்படம் யாருக்குச் சொந்தம்?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டம் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டம் என்றதும் நீதிமன்றப் படிகளை நினைத்து அஞ்ச வேண்டாம். உங்கள் சட்டைப் பையிலே கிடக்கும் கைத்தொலைபேசியைப் பற்றியே பேச வந்தேன்.

1888 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு வழக்கு நடந்தது. பொலார்ட் என்னும் பெண்மணி நிழற்படக் கடையொன்றிற் பணங் கொடுத்துத் தம்மைப் படமெடுப்பித்தார். கடைக்காரரோ அப்படத்தைக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையாக்கி, விற்பனைக்குக் கடைக் கண்ணாடியில் வைத்தார். பெண்மணி வழக்குத் தொடர்ந்தார். படத்தின் மூலப்பிரதி எவர் கையில் இருப்பினும், நம்பி முகத்தைக் காட்டியவரின் நம்பிக்கையை விற்க எவருக்கும் உரிமையில்லை எனக் கொண்டு, நீதிபதி அதனைத் தடுத்தார்.

அன்று அது ஓர் ஊரின் கடைக் கண்ணாடி. இன்று முகநூலும் இன்ஸ்டகிராமும் உலகமளாவிய கடைக் கண்ணாடிகள். பெண்ணொருத்தி தோழிக்கு மட்டும் அனுப்பிய படத்தை வேறொருவன் எடுத்து, இழிமொழி சேர்த்து ஊரறியப் போட்டுவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். அவள் யாரிடம் முறையிடுவாள்?

இங்கேதான் பதிப்புரிமைச் சட்டம் துணைக்கு வருகிறது. அமெரிக்காவிலே 1998 இல் டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையாளர் முறைப்படி அறிவித்ததும் தாமதமின்றிப் படத்தை நீக்கும் நிறுவனம், அந்தப் படத்துக்காக நட்டஈடு கொடுக்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்ளலாம். ஆகவேதான், மற்ற முறைப்பாடுகளுக்கு அசையாத நிறுவனமும் இதற்கு அசைகிறது.

ஆனால், அன்பர்களே, ஒன்றை நன்றாக மனத்திற் பதியுங்கள். பதிப்புரிமை படத்தில் இருப்பவருக்கன்று. படத்தை எடுத்தவருக்கே உரியது. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நிழற்படத்தைப் படைப்பாகக் கொண்டு, ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் காக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை. பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959 இலும் அமெரிக்கா 1989 இலும் சேர்ந்தமையால், இங்கே எடுத்த படத்துக்கு அங்கேயும் காப்புண்டு.

ஆகவே அந்தப் பெண் தானே தன்னை எடுத்த படமாயின் உரிமை அவளுடையது. தோழி எடுத்ததாயின் தோழியே முறையிட வேண்டும். அல்லது உரிமையைக் கையொப்பமிட்ட எழுத்தின் மூலம் அவளுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்குப் படம் பிடிக்க வருபவரிடமும், படங்களின் உரிமை யாருக்கு என்பதை முற்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அறிவித்தலில் எழுத வேண்டியவை சிலவே. எந்தப் படம், எந்தப் பக்கத்தில் உள்ளது, முறையிடுபவரின் பெயரும் தொடர்பு விவரமும் யாவை என்பவற்றை எழுத வேண்டும். அனுமதியின்றிப் போடப்பட்டதென நல்லெண்ணத்துடன் நம்புவதாகவும், உரிமை தம்முடையதென்றும் கூறிக் கையொப்பமிட வேண்டும். முன்னதாகவே பக்கத்தின் முகவரியையும் திரைப்படியையும் சேமித்து வையுங்கள்; படம் நீங்கியபின் சான்றும் நீங்கிவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. உங்கள் பெயர் படத்தைப் போட்டவனுக்குத் தெரிவிக்கப்படலாம். அவன் மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடராதவிடத்து, 10 முதல் 14 வேலை நாட்களில் படம் மீண்டும் வரலாம். எடுக்காத படத்தை எடுத்ததாகப் பொய் கூறுவதோ குற்றம். நீதி வேண்டுபவர் பொய்யைத் துணைகொள்ளலாகாது. உரிமை உமதல்லாதபோது, அந்தரங்கம் மீறப்பட்டதென நிறுவனத்திடம் முறையிடும் வழியுண்டு. சம்மதமின்றிப் போடப்பட்ட அந்தரங்கமான உடற்படங்களை 48 மணி நேரத்துள் அகற்றும்படி, 2025 மே மாதத்தில் அமெரிக்கா தனியொரு சட்டமே செய்தது.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "ஏன் படமெடுத்தாய்?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மௌனமாய்க் கழியும் ஒவ்வொரு நாளும் படம் பத்துக் கைகளுக்குப் போகிறது. முதலில் அருகிலிருத்தி, அறிவித்தலை எழுத உதவுங்கள்.

வாலிபர்களே, சட்டம் பின்னால் வருவது. அறம் முன்னால் நிற்பது. பிறர் படத்தை அனுப்ப விரல் எழும்போது, "இவரைக் கேட்டேனா?" என்று ஒரு கணம் நில்லுங்கள். அந்த ஒரு கணம் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் காக்கும்.