60 நாள் கெடு

அமெரிக்காவில் ஒரு விமானி, பணியில்லாத நாளில் மது அருந்திவிட்டுத் தன் காரை ஓட்டுகிறார், போலீஸில் சிக்குகிறார். விமானத்தின் பக்கமே அவர் போகவில்லை. ஆனாலும் அந்தக் குற்றம் அவருடைய பறக்கும் உரிமம் வரை வந்து நிற்கும். அத்தோடு அவர் பிழைப்பே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு வழக்கினால் அப்படிப் போவது அரிது. அதை மறைத்தால்தான் போகிறது.

அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1990 நவம்பரில் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குடித்து வண்டி ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றாலோ, கார் உரிமம் முடக்கப்பட்டாலோ, 60 நாளுக்குள் விமானி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குடித்து வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற விமானிகள் பலர் அதைச் சொல்லாமலே பறந்துவந்தது தணிக்கையில் தெரிந்த பிறகு வந்த விதி இது.

இதில் பலர் தவறி விழும் இடம் ஒன்று உண்டு. மூச்சுப் பரிசோதனையில் தோற்றாலும், பரிசோதனைக்கே மறுத்தாலும், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் மாநில அரசே கார் உரிமத்தை முடக்கிவிடும். 60 நாள் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. விமானியோ, வழக்கு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று இருக்கிறார். வழக்கு முடிய மாதங்கள் ஆகும். கெடு என்றோ கடந்திருக்கும். பிறகு தண்டனை வந்தால் அதற்குத் தனியாக இன்னொரு கடிதம் எழுத வேண்டும். மருத்துவத் தகுதிப் படிவத்தில் எழுதிவிட்டேனே என்று சொன்னாலும் செல்லாது. படிவம் போவது மருத்துவப் பிரிவுக்கு, கடிதம் போக வேண்டியது பாதுகாப்புப் பிரிவுக்கு.

அந்தப் படிவத்தின் கேள்வியும் சாதாரணமானதல்ல. வாழ்நாளில் எப்போதாவது இப்படிக் கைதானதுண்டா என்று கேட்கிறது. இருபது வயதில், விமானப் பயிற்சிக்கே சேராத காலத்தில் நடந்திருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இரத்தத்தில் ஆல்கஹால் 0.15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், பரிசோதிக்கும் மருத்துவர் தானே சான்றிதழ் தர முடியாது; முடிவு எஃப்.ஏ.ஏ.வின் கைக்குப் போய்விடும். அந்த அளவுக்குக் குடித்தும் ஒருவர் வண்டியை எடுத்தார் என்றால், அவர் உடல் மதுவுக்குப் பழகியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். 3 ஆண்டுக்குள் இரண்டு வழக்கு என்றால் உரிமமே ரத்தாகலாம். படிவத்தில் பொய் எழுதினாலோ, கையில் உள்ள எல்லா உரிமங்களும் போகும். கூட்டாட்சிக் குற்ற வழக்கும் தொடரலாம். நாடு முழுவதும் உள்ள ஓட்டுநர் பதிவேட்டை அதிகாரிகளும் பார்க்கிறார்கள், வேலைக்கு எடுக்கும் விமான நிறுவனங்களும் பார்க்கின்றன. மறைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்?

வேலை தேடும்போது இன்னொரு தடையும் உண்டு. 2018 டிசம்பர் முதல் கனடா, குடித்து வண்டி ஓட்டுவதைக் கடும் குற்றமாக எண்ணுகிறது. தண்டனை பெற்ற வெளிநாட்டவரை எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம். கனடாவுக்கு விமானம் விடும் அமெரிக்க நிறுவனம், அங்கே இறங்க முடியாத விமானியை எடுக்கத் தயங்கத்தானே செய்யும்?

இவ்வளவுக்குப் பிறகும் மீண்டவர்கள் உண்டு. லைல் ப்ரௌஸ் என்ற விமானி செய்தது இதைவிடப் பெரிய குற்றம். 1990 மார்ச்சில், போதை தெளியாத நிலையில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தையே ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு ஓட்டிச் சென்றார் அந்த கேப்டன். வேலை போயிற்று, உரிமம் போயிற்று, 16 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றார், மதுவை விட்டார், உரிமங்களை அடியிலிருந்து மறுபடி சம்பாதித்தார். அதே நிறுவனம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. போயிங் 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். குடிநோயுள்ள விமானிகளைச் சிகிச்சையும் கண்காணிப்பும் கொடுத்துப் பணிக்குத் திருப்ப 'ஹிம்ஸ்' என்ற திட்டம் அங்கே 1970களிலிருந்து நடக்கிறது.

நம் பிள்ளைகள் பலர் விமானப் பயிற்சிக்காக அமெரிக்கா போகிறார்கள். பெற்றோர் ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். குடித்து வண்டி ஓட்டிக் கைதானால் போதும், தீர்ப்பு வராமலே அமெரிக்க அரசு விசாவை ரத்து செய்யலாம். அப்படி ஏதும் நேர்ந்துவிட்டால், விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை உடனே பார்க்க வேண்டும். கார் உரிமம் முடக்கப்பட்ட நாளைக் குறித்துக்கொண்டு, எஃப்.ஏ.ஏ.வுக்குப் போக வேண்டிய கடிதத்தை அந்த வாரமே எழுதிவிட வேண்டும்.