பாட்டன் எந்தக் குழியில் நின்றார்?



விரிஞ்சிபுரத்தில் வரலாற்றுக் கருத்தரங்கு நடத்திவிட்டுக் கோயிலைத் தொடாமல் போக முடியாது. மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தது. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்களான தமிழர், கன்னடர், தெலுங்கர் முதலானோர் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்குவதில்லை, கன்னிகாதானமாகவே மணம் முடிப்பது என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. 1890-இல் ஹூல்ஷ் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் படிக்கலாம். ஆறு நூற்றாண்டுக்கு முந்திய கல்யாணக் கொடுக்கல் வாங்கல் நமக்குத் தெரிகிறது. இதே பாலாற்றுப் பக்கம் அறுபது வருடத்துக்கு முன் தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழியில் நின்றவருக்கு வாரக் கூலி என்ன என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

இன்று கட்டுரை படிக்க வந்திருப்பவர்களில் பலர் சொந்தப் பாட்டனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஊர் எதுவானாலும் கதை ஒன்றுதான். தோல் ஷாப்பு மூடியாயிற்று. இடம் மனையாகிவிட்டது. கணக்குப்பிள்ளையின் பேரேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இங்கிலாந்தில் ஒருவர் தன் முப்பாட்டன் பெர்மாண்ட்சி தோல் பட்டறையில் வேலை பார்த்தாரா என்பதை 1881 மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுப் பதிவிலேயே பார்த்துவிடலாம். நம் கணக்கெடுப்பில் அட்டவணை மட்டும் மிஞ்சியது. ஆள்பெயர் எழுதிய சீட்டுகளைக் கழித்துவிட்டார்கள். இங்கே பட்டை போட்டுப் பதனிட்ட தோல் லண்டன் ஏலத்துக்குப் போனதற்கு ஆதாரம் உண்டு. பதனிட்டவருக்கு இல்லை.

சட்டமும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1934 தொழிற்சாலைச் சட்டத்தின் பொது வரையறைப்படி, இயந்திர விசையும் இருபது ஆட்களும் இருந்தால்தான் அது தொழிற்சாலை. நம் ஷாப்புகளில் பலவற்றில் விசை என்பது தோள்பட்டைதான். தொழிற்சாலை இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை, பதிவேடும் வேண்டியதில்லை. அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1931-இல், விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் இந்தக் குறையை எழுதியிருந்தது. 1946-இல் அகமது முக்தார் தோல் பதனிடும் தொழிலாளர் நிலை பற்றித் தனி அறிக்கையே எழுதினார். இரண்டையும் படியுங்கள், நிலைமை புரியும். உங்கள் தாத்தாவின் பெயர் மட்டும் வராது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? வேலையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி. ‘எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார்’ என்று பாட்டியிடம் கேட்டால் பதில் வராது. ‘என்ன வாசனையோடு வீட்டுக்கு வந்தார்’ என்று கேளுங்கள். உப்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள், பிறகு சுண்ணாம்புக் குழி. சாய்ந்த மரக்கட்டையின் மேல் தோலை விரித்து, இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் முதலில் மயிரை வழிப்பார்கள், பிறகு மறுபுறம் சதையை எடுப்பார்கள். அதன்பின் பட்டைக் குழி, கடுக்காய், எண்ணெய் தடவல். சுண்ணாம்பில் நின்றவர் கால் வெடித்திருக்கும். பட்டையில் நின்றவர் நகம் கறுத்திருக்கும். கத்தி பிடித்தவருக்குத் தனிக் கூலி, தனி மரியாதை. மருமகள் நினைவில் நகத்தின் நிறம் இருக்கும்.

பட்டை காலத்தையும் காட்டும். ஆவாரம்பட்டை இடித்தார் என்றால் அது பழைய காலத்து ஷாப்பு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை மூட்டை மூட்டையாக வந்து ஆவாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியபோது அந்த வரத்து நின்றது. இனவெறிக்கு எதிரான ஒரு டெல்லி முடிவு இங்கே குழியில் கொட்டுகிற சரக்கையே பாதித்தது. நம் பாடநூல்களில் இது இடம்பெறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம். பிறகு 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பட்டை ஷாப்புகள் பல நொடித்தன. மிஞ்சியவை குரோமுக்கும் சுழலும் டிரம்முக்கும் மாறின. ஆகவே ‘தாத்தா டிரம்மில் இருந்தார்’ என்று வீட்டில் சொன்னால் பெரும்பாலும் எழுபதுகளுக்குப் பின்தான். ஆவாரம் அறவே ஒழிந்துவிடவில்லை என்பதால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

பேரேடு தொலைந்ததைவிட எனக்குப் பெரிய இடையூறாகப் படுவது வீட்டுக்குள் இருக்கும் மௌனம். குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். ஏழை முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பேரன் படித்து வேலைக்குப் போனதும் தாத்தா ‘கம்பெனியில் இருந்தார்’ என்று ஆகிவிடுகிறார். பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டரில் தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதியிருப்பதில் வாத்தியாரின் சோம்பல் பாதி, தகப்பனின் கூச்சம் பாதி. ஆனாலும் அந்த ரிஜிஸ்டரைப் பாருங்கள், முகவரி கிடைக்கும். சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் விடாதீர்கள்.

இன்னொரு ஆவணமும் உண்டு. தோல் கழிவு நீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 547 தோல் தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. நிலமும் கிணறும் கெட்டவர்களுக்கான இழப்பீடு அது, நியாயமானது. கழிவு நீரில் வருடக்கணக்காக நின்றவர், நிலம் இல்லாததால், அந்தக் கணக்கிலும் வரமாட்டார். ஆனால் பணம் கட்டவேண்டிய 547 பேரின் பட்டியலை, மறைந்துபோன ஷாப்புகளின் முகவரிப் புத்தகமாக நீங்கள் பயன்படுத்தலாம். ஷாப்பின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தேடும்போது மாவட்டப் பெயரில் ஏமாறாதீர்கள். வட ஆற்காடு, பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர். 2019-க்குப் பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். ஒரே மனிதரின் காகிதம் மூன்று ஆட்சியர் அலுவலகங்களில் கிடக்கலாம்.

பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, முன்பணம் வாங்கிய துண்டுச் சீட்டு என எதையாவது கொண்டுவந்தவர்கள் மதிய இடைவேளையில் பின்வரிசை மேசையில் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், என்னிடம்கூட. முதல் அமர்வைத் தொடங்கலாம்.